பவர்ஃபுல் டீ ஏன் கிடையாது?

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு வாசகி போன வாரம் கேட்டிருந்தார். ஸ்ட்ராங், பவர்ஃபுல் இரண்டுக்கும் அகராதியில் ‘வலிமையான’ என்றுதான் போட்டிருக்கிறது, அப்புறம் ஏன் ஸ்ட்ராங் டீ சரி, பவர்ஃபுல் டீ தப்பு? வகுப்பில் கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டார்களாம்.

அது அப்படித்தான் என்பது உண்மைதான். ஆனால் எப்படி என்று எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியும், அதற்கென்றே ஒரு அறிவியல் இருக்கிறது. அதுவும் இதே டீயில் தொடங்கியது என்றே சொல்லலாம். மைக்கேல் ஹாலிடே என்ற மொழியியலாளர் 1966-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் உதாரணமாக எடுத்தார். டீ என்றால் ஸ்ட்ராங், கார் என்றால் பவர்ஃபுல், மாற்றிப் போட்டால் காதில் இடிக்கிறது. ஆனால் ‘ஆர்கியுமென்ட்’ என்று வந்துவிட்டால் இரண்டுமே பொருந்தும். அப்படியானால் வித்தியாசம் பெயரடைக்குள் மட்டும் இல்லை, அது யாரோடு சேர்கிறது என்பதிலும் இருக்கிறது. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் அறிய முடியும் என்று அவருடைய ஆசிரியர் ஜே. ஆர். ஃபிர்த் 1957-லேயே எழுதியிருந்தார்.

சரி, கூட்டாளிகளை எப்படிப் பார்ப்பது? இதற்கு எனக்கு மிகவும் பிடித்த கருவி ஒன்று உண்டு, சொல்லடைவு. நாவல், செய்தித்தாள், கடிதம், பேச்சு என்று கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் சேர்த்துவைத்துக்கொண்டு, நமக்கு வேண்டிய சொல் வரும் வரிகளை மட்டும் உருவி எடுப்பார்கள். அந்தச் சொல் எல்லா வரியிலும் சரியாக நடுவில் நிற்கும்படி வரிகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி, பிறகு அதற்கு வலதுபக்கம் இருக்கும் சொல்லை வைத்து அகர வரிசைப்படுத்துவார்கள். அவ்வளவுதான் வேலை. ஆனால் அடுக்கியதும் தனித்தனியாகப் படித்தபோது கண்ணில் படாததெல்லாம் மேலிருந்து கீழாக ஒரே வரிசையாக எழுந்து நிற்கும். ஆங்கில பைபிளுக்கு அலெக்சாண்டர் க்ரூடன் 1737-இல் வெளியிட்ட சொல்லடைவு முழுக்கக் கையால் செய்தது. சொல்லை நடுவில் நிறுத்தி அடுக்குவதைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன், 1950-களின் கடைசியில். பர்மிங்காமில் ஜான் சின்க்ளேர் இப்படிப்பட்ட வரிகளை உட்கார்ந்து படித்தே ஒரு முழு அகராதியை உருவாக்கி 1987-இல் கொண்டுவந்தார்.

நான் முதன்முதலில் இப்படிப் பார்த்த சொற்கள் ஸ்மாலும் லிட்டிலும். இரண்டுக்கும் ‘சிறிய’ என்று மனப்பாடம் செய்திருந்தேன். திரையில் ஸ்மாலுக்கு வலதுபக்கம் நம்பர், அமௌன்ட், குரூப், பிசினஸ் என்று கணக்கப்பிள்ளை வீட்டுச் சாமான்களாக வந்தன. லிட்டிலுக்கு வலதுபக்கம் கேர்ள், பாய், பிரதர். அது போதாதென்று இடதுபக்கமும் ஒரு கூட்டம்: புவர், நைஸ், ஸ்வீட், டியர். அதாவது லிட்டில் என்று சொல்லும்போது அளவோடு கூட ஒரு பாசமோ பரிதாபமோ ஒட்டிக்கொண்டு வருகிறது. நம் குட்டியும் சின்னதும் போலத்தான். குட்டிப் பையன், குட்டி வீடு என்று கொஞ்சுகிறோம், வங்கியில் போய் குட்டித் தொகை கடன் கேட்பதில்லை.

ஆனால் கண்ணை மட்டும் நம்பினால் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘ஆஃப்’, ‘அண்ட்’ போன்றவை எல்லாச் சொல்லுக்கும் பக்கத்தில் நிற்கும், அவற்றைக் கூட்டாளி என்று சொல்வதில் பொருளில்லை. தற்செயலாகப் பக்கத்தில் வந்ததையும் தேடிவந்து சேர்ந்ததையும் பிரிக்க வேண்டும். பெல் ஆய்வகத்தின் கென்னத் சர்ச்சும் அகராதிக்காரரான பேட்ரிக் ஹாங்க்ஸும் 1980-களின் முடிவில் இதற்கு ஒரு அளவைக் கொண்டுவந்தார்கள். தகவல் கோட்பாட்டில் ஏற்கெனவே இருந்த அளவுதான், அதை அகராதி வேலைக்குத் திருப்பினார்கள்.

கணக்கு எளிது. எண்களைப் புரிவதற்காக நானே போட்டுக்கொள்கிறேன். ஒரு கோடிச் சொற்கள் இருக்கின்றன, அதில் ஸ்ட்ராங் 2,000 முறை, டீ 500 முறை. எல்லாச் சொற்களையும் சாக்கில் போட்டுக் குலுக்கிக் கொட்டினால் ஸ்ட்ராங்கை அடுத்து டீ எத்தனை முறை விழும்? 2,000-ஐ 500-ஆல் பெருக்கி ஒரு கோடியால் வகுத்தால் 0.1. ஒருமுறைகூட இல்லை. ஆனால் உண்மையான எழுத்தில் 20 முறை வந்திருக்கிறது என்று வையுங்கள். தற்செயலைவிட 200 மடங்கு! இந்த 200-க்கு இரண்டை அடியாகக் கொண்டு மடக்கை (லாகரிதம்) எடுத்தால் சுமார் 7.6, அதுதான் இவ்விரண்டின் ஒட்டுதல் மதிப்பெண். ஜோடி தற்செயலாகத்தான் வருகிறது என்றால் மதிப்பெண் பூஜ்யம், ஒன்றையொன்று தவிர்த்தால் அதற்கும் கீழே போகும். பவர்ஃபுல்லை வைத்து இதையே செய்தால் டீ காணாமல் போய், டூல், வெப்பன், என்ஜின் எல்லாம் மேலே வருகின்றன. அப்போது ஒன்று புலப்படுகிறது: பவர்ஃபுல் என்பது வெளியே எதையாவது செய்துகாட்டும் பலத்துக்கு, ஸ்ட்ராங் பெரும்பாலும் உள்ளே ஊறியிருக்கும் பலத்துக்கு. இதை எந்த இலக்கண விதியும் நமக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, எண்ணிப் பார்த்ததில் கிடைத்தது. (ஒரு குறை: எங்கேயோ ஒரே ஒரு முறை வந்த அச்சுப்பிழை ஸ்ட்ராங்குக்குப் பக்கத்தில் விழுந்திருந்தால் அதற்குத்தான் எக்கச்சக்க மதிப்பெண் கிடைக்கும். அதனால் சில தடவைக்கும் குறைவாக வந்த ஜோடிகளைக் கழித்துவிடுவார்கள்.)

டால், ஹை இரண்டும் இதே மாதிரிதான். நின்றுகொண்டிருக்கும் ஒல்லியான பொருளின் அடியிலிருந்து நுனிவரை அளந்தால் டால், தரையிலிருந்து எவ்வளவு மேலே என்றால் ஹை. பறக்கும் பட்டம் ஹையாக இருக்கும், டாலாக இருக்காது. பிறந்த குழந்தையைப் படுக்கவைத்து அளப்பதால் அது இத்தனை அங்குலம் ‘லாங்’.

இதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது அட்டர் என்ற பெயரடை. ‘முழுமையான’ என்று பொருள். வரிகளை அடுக்கினால் நான்சென்ஸ், கேயாஸ், ஃபெயிலியர், டிஸ்பேர் என்று ஒரே துக்க வீடு. அட்டர் ஜாய் என்றும் எழுதுகிறார்கள், ஆனால் அது குறைவு. இந்தச் சொல் பிறக்கும்போது இதில் எந்தக் கெட்டதும் இல்லை, பழைய ஆங்கிலத்தில் ‘வெளிப்புறமான’ என்றுதான் அர்த்தம், அவுட் என்பதிலிருந்து வந்தது. கெட்டவற்றோடே காலம் காலமாக நின்று நின்று அந்த வாசனை இதிலும் ஏறிவிட்டது. பூவோடு சேர்ந்த நார் மணக்கும் என்றால், மற்றதோடு சேர்ந்த நாருக்கும் அதே கதிதானே. நாம்கூட ‘அட்டர் ஃப்ளாப்’ என்று சரளமாகச் சொல்கிறோம், ‘அட்டர் ஹிட்’ என்று யார் வாயிலும் வந்ததில்லை. யாரும் சொல்லித்தராமலே அந்த வாசனை நம்மிடமும் வந்திருக்கிறது!

அதனால்தான் ‘ஒரே பொருள் தரும் நூறு சொற்கள்’ என்று பட்டியல் போட்டு விற்கும் ஆங்கிலப் புத்தகங்கள் மீது எனக்குக் கோபம். சொல்லைக் கூட்டத்திலிருந்து பிய்த்துத் தனியாகக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் பவர்ஃபுல் டீ என்று எழுதாமல் என்ன செய்வார்கள்? பொருளோடு ஜோடியையும் சேர்த்துக் கொடுங்கள். இப்படிக் கணினியில் சேர்த்துவைத்த எழுத்துக் குவியலுக்குச் சொற்றொகுதி என்று பெயர். ஆங்கிலத்துக்குத் திறந்த சொற்றொகுதிகள் நிறைய இருக்கின்றன, பிரிட்டிஷ் தேசியச் சொற்றொகுதி மட்டுமே பத்துக் கோடிச் சொற்கள்.

தமிழிலும் இந்த வேலைக்கு நிறையப் பணம் ஒதுக்க வேண்டும், ஒரு விழாவுக்கு ஆகும் செலவில் பாதியையாவது. நம் ‘படு’வையே எடுத்துக்கொள்ளுங்கள். படுதோல்வி, படுகாயம், படுபாவி என்று போகிறது, பார்த்தால் அட்டருக்குத் தம்பி. அதே வாயில் படுஜோர், படுசுட்டி என்றும் சொல்கிறோம். கெட்ட பக்கம் எவ்வளவு, நல்ல பக்கம் எவ்வளவு, ஐம்பது வருடத்துக்கு முந்தைய பத்திரிகைகளிலும் இதே விகிதம்தானா? ஆயிரம் வரிகளை அடுக்கிக் கொடுத்தால் ஒரே மாலையில் எண்ணிவிடுவேன்.