இன்ஃப்ரா அப்கிரேடு: தமிழில் என்ன சொல்லலாம்?

“இன்ஃப்ரா ரெடிங்களா?” ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ உள்ள தாய் நிறுவனத்தின் மென்பொருள் கோவை, திருப்பூர்ப் பக்கத்து ஆலைக்கு வரப்போகிறது என்றால், கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி இதுதான். ‘இன்ஃப்ராஸ்ட்ரக்சர்’ என்பதன் சுருக்கமே இந்த ‘இன்ஃப்ரா’.

லத்தீனில் ‘இன்ஃப்ரா’ என்றால் கீழே; ‘ஸ்ட்ருக்சுரா’ என்றால் கட்டுமானம். இரண்டையும் ஒட்டவைத்தது பிரெஞ்சு மொழி. தண்டவாளம் பதிக்கும் முன் எழுப்ப வேண்டிய மண்மேடு, பாலம், சுரங்கம் ஆகியவற்றுக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே ரயில் பொறியாளர்கள் இந்தப் பெயரை வழங்கினார்கள். தண்டவாளம் இதில் சேராது. பிறகு ஆங்கிலத்துக்குப் போய், ராணுவத் தளம், சாலை, மின்சாரம் என்று விரிந்து, கணினித் துறைக்கும் வந்தது.

தமிழில் ‘உள்கட்டமைப்பு’ நிலைத்துவிட்டது. ‘உட்கட்டமைப்பு’ என்றும் எழுதுகிறார்கள். அதில் எனக்கு ஒரு குறை உண்டு. ‘கீழே’ என்ற மூலப்பொருள் ‘உள்’ளில் தொலைந்துவிட்டது. கொங்கு மேஸ்திரிகள் அஸ்திவாரத்தைக் கடக்கால் என்று சொல்வதுதான் மூலச்சொல்லுக்கு நெருக்கம்: கடக்கால் போடாமல் சுவர் எழும்பாது. அதனால் ‘அடிக்கட்டமைப்பு’ என்பதே என் தேர்வு.

‘அப்கிரேடு’க்கும் ‘அப்டேட்’டுக்கும் ‘மேம்படுத்தல்’ என்றே எழுதிவிடுகிறோம். பிரித்துச் சொல்வது நல்லது. சிறு பிழை நீக்கிப் புதியதாக்குவது புதுப்பித்தல்; திறன் கூடிய ஒன்றுக்கு மாறுவது தரமுயர்த்தல். தாய் நிறுவன மென்பொருளை ஒவ்வொரு கிளையிலும் கொண்டுவரும் ‘ரோல்அவுட்’டுக்குக் கிளைதோறும் அமலாக்கம் என்றால் போதும்.

அடியில் என்னதான் மாறுகிறது? நிறுவனத்தின் கணக்கு, சரக்கு, உற்பத்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் எஸ்.ஏ.பி மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2015இல் வந்த அதன் புதிய தலைமுறையான எஸ்4 ஹானா, ஹானா என்ற தரவுத்தளத்தில் மட்டுமே ஓடும். ஹானா தரவை முதன்மையாக ‘ராம்’ நினைவகத்திலேயே வைத்துக்கொள்வதால் பழைய சர்வர் தாங்காது. அதற்கு லினக்ஸும் வேண்டும். முந்தைய தலைமுறையான ஈசிசியின் பிந்தைய பதிப்புகளுக்கும் வழக்கமான ஆதரவு 2027 இறுதியோடு முடிகிறது. எனவே பலருக்கும் இந்தத் தரமுயர்த்தல் தள்ளிப்போட முடியாத வேலை.

சர்வர் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்தால் தொலைவும் கணக்கில் வரும். கோவையிலிருந்து அங்கே நேர்க்கோட்டில் சுமார் 7,500 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வரக் குறைந்தது 75 மில்லிநொடி. கேபிள் சுற்றிப் போவதால் உண்மையில் இன்னும் கூடும். ஒரு திரை நிரம்ப சர்வரிடம் 200 முறை ஒவ்வொன்றாகக் கேட்கும்படி நிரலை எழுதியிருந்தால், 15 நொடி அங்கேயே போயிற்று. லைனின் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. கேட்கும் தடவையைக் குறைக்க வேண்டும், அல்லது சர்வரைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

தலைமையகத்தின் பட்டியலில் பெரும்பாலும் விடுபடுவது கேட்டோரத்து எடைமேடை. அங்கே ஒரு பழைய கணினி, சீரியல் கேபிள் வழியாக எடையை வாங்கிக்கொண்டிருக்கும். புதுக் கணினி பலவற்றில் அந்தச் சொருகுமிடமே இருக்காது. எடை உள்ளே போகாவிட்டால் சரக்கு வரவு பதிவாகாது, லாரி நகராது, பின்னால் நிற்கும் டிரைவருக்கு ஹானா பற்றி என்ன தெரியும்? பேக்கிங் மேசையின் லேபிள் பிரிண்டர், கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கும்வரை தாங்கவேண்டிய யூபிஎஸ், இவையும் அடிக்கட்டமைப்புதான். சர்வர் அறையோடு நிறுத்திக்கொள்ளும் வரையறையை நான் ஏற்கமாட்டேன்.

திட்ட ஆவணத்தில் ‘அடிக்கட்டமைப்புத் தரமுயர்த்தல்’ என்று எழுதலாம். நோட்டீஸ் போர்டில் அதுவும் வேண்டாம், நேராகவே எழுதுங்கள்: “ஞாயிறு காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை சர்வர் மாற்றும் வேலை. எடைமேடைக் கணினி ஓடாது. லாரிகளுக்குக் கைச்சீட்டு போடவும்.”