கொந்தளிப்பா, சுழிப்பா?

காற்று வீசும்போது கடலின் மேற்பகுதி நீரடுக்குகள் எவ்வாறு கலக்கின்றன என்பதை அளப்பது பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில், 'டர்புலன்ட் மிக்சிங்' என்ற ஆங்கிலத் தொடருக்கு ஈடாக எழுதப்பட்ட 'கொந்தளிப்புக் கலவை' என்ற தொடரை மறுபடியும் படிக்க நேர்ந்தது. இரண்டே சொற்கள், இரண்டும் பொருந்தவில்லை.

'டர்புலன்ஸ்' என்பதன் வேர், கூட்டத்தையும் அதன் அமளியையும் குறிக்கும் 'டர்பா' என்ற இலத்தீன் சொல். குழாய்நீரில் சாயத்தை ஓடவிட்டு இதை ஆராய்ந்த பொறியியல் அறிஞர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ், 1883இல் 'நெளிந்தோடும்' இயக்கம் என்ற பொருளில் வேறொரு சொல்லையே ஆண்டார் என்பது மொழிபெயர்ப்பாளர்கள் நினைவிற்கொள்ளத்தக்கது.

அகராதியில் அமளியைக் கண்டவர்கள் 'கொந்தளிப்பு' என்று எழுதிவிட்டார்கள். ஆனால் கடல் கொந்தளிக்கிறது என்றால், தமிழர் எவரும் மேற்பரப்பில் எழுந்து புரளும் அலைகளைத்தான் எண்ணுவார். அறிவியலார் அளப்பதோ, பெருஞ்சுழி உடைந்து சிறுசுழியாகி, அதுவும் உடைந்து, மில்லிமீட்டர் அளவில் நீரின் பிசுக்குமைக்கு (ஓட்டத்தைத் தடுக்கும் பிசுபிசுப்புக்கு) இரையாகி வெப்பமாக மாறும் இயக்கத்தை. நீருக்குள் தடையின்றி இறங்கும் கருவியின் முனையிலுள்ள நுண்ணுணரி, சென்டிமீட்டர் இடைவெளிகளில் நீரின் வேகம் மாறுவதைப் பதிவுசெய்கிறது. அதிலிருந்து ஒரு கிலோகிராம் நீரில் நொடிக்கு எவ்வளவு ஆற்றல் சிதைகிறது என்று கணக்கிடுகிறார்கள். காற்றின் வேகம் இருமடங்கானால், மேலடுக்கின் சுழிகளுக்குக் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ எட்டு மடங்காகும். இதையெல்லாம் 'கொந்தளிப்பை அளத்தல்' என்று எழுதினால், அலையின் உயரத்தை அளந்ததாகவே படிப்பவர் கொள்வார்.

தொலைவிலிருந்து வரும் உடையாத நீளலைகள் கப்பலையே தூக்கிப் போட்டாலும், அவற்றின் கீழ் நீர் பெரிதாகக் கலப்பதில்லை. மாறாக, காற்றடங்கிய தெளிந்த இரவில், மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழிறங்குவதால், கொந்தளிப்பே இல்லாத கடலின் உள்ளே நீர் ஓயாமல் சுழித்துக் கலந்துகொண்டிருக்கும். இந்த நிலையை 'அமைதியான கடலில் கொந்தளிப்பு' என்று எழுத நேரும் மொழிபெயர்ப்பாளருக்காவது தம் சொல்லின் மீது ஐயம் எழ வேண்டாமா?

ஆறு சுழித்தோடுகிறது என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். அந்த வினையிலிருந்து பிறக்கும் 'சுழிப்பு' போதும். 'சுழற்சி ஓட்டம்' என்பாரும் உண்டு. சுழற்சி, சக்கரம்போல ஒழுங்காக வட்டமிடுவது, இங்கோ ஒழுங்கின்மைதான் இயல்பு. ஒரே ஒரு சுழியும் சுழிப்பாகிவிடாதா என்று கேட்பாருக்கு, அது 'சுழி', பல அளவுச் சுழிகள் பின்னிக் கிடப்பதே 'சுழிப்பு' என்று வரையறுத்துக்கொள்வதில் தடையில்லை.

'கலவை'யோ கலந்து முடிந்த பொருள். கொத்தனாரின் சட்டியில் இருப்பது. கலக்கும் செயலுக்குக் 'கலப்பு' என்ற சொல் இருக்கிறது. ஆகவே, காற்று விளைக்கும் சுழிப்புக் கலப்பு.