வீராவுக்கு நகம் ராவும்போது சூடு எங்க இருந்து வருது

எங்க ஊரு கிருஷ்ணகிரி பக்கம், சுத்துவட்டாரத்துல கிரானைட் பட்டறை நிறைய. கல்லைப் பாலிஷ் போடும்போது பக்கத்துல பைப்புல தண்ணி விட்டுக்கிட்டே இருப்பாங்க, தூசியும் அடங்கும் சூடும் ஏறாது. எங்க நாய் வீராவுக்கு (லேப்ரடார், 34 கிலோ) கைல புடிக்கற சின்ன நகக் கிரைண்டர்ல நகம் ராவ ஆரம்பிச்சப்போ எனக்கு அந்தத் தண்ணிதான் ஞாபகம் வந்துச்சு, ஏன்னா இங்க தண்ணி விட முடியாது, சூட்டை நம்ம கைதான் அடக்கணும்.

நகத்தோட வெளி ஓடு கெரட்டின், நம்ம முடி, மாட்டுக் கொம்பு மேல இருக்கற ஓடு எல்லாம் அதே சரக்கு, அதுக்கு வலி தெரியாது. ஆனா உள்ள ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுற சதை ஒன்னு நீண்டுக்கிட்டு வருது, நகமும் சதையும் மாதிரின்னு நாம உறவுக்குச் சொல்றது நாய்க்கு அப்படியே நிஜம். வெள்ளை நகம்னா அந்தச் சதை ரோஸ் கலர்ல வெளியவே தெரியும், வீராவுக்கு அத்தனையும் கருப்பு. போன வருஷம் நகவெட்டி வச்சு வெட்டப்போய் சட்டுனு ரத்தம், கார்ன்ஃப்ளார் மாவை அப்பி அழுத்திப் புடிச்சேன், அன்னைல இருந்து நகவெட்டியைப் பாத்தாலே கட்டிலுக்கு அடியில போயிடுவான். பெரிய நாய்க்கு நகம் தடிமன், வெட்டு விழறதுக்கு முன்னாடியே நசுங்கி உள்ள சதையை அமுக்குது.

கிரைண்டர்ல நசுக்கல் கிடையாது. 13 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைல உப்புத்தாள் சுத்தியிருக்கும், நிமிஷத்துக்கு 10,000 சுத்து சுத்துச்சுன்னா அதோட விளிம்பு செகண்டுக்கு கிட்டத்தட்ட 7 மீட்டர் வேகத்துல நகத்தை உரசுது. அந்த உரசல்தான் சூடு. வேகம், அழுத்தம், எவ்வளவு நேரம் வைக்கறோம், இந்த மூணுல எது கூடுனாலும் சூடு கூடும். கெரட்டின் சூட்டை மெதுவாத்தான் கடத்தும், அதனால நாய் காலை இழுக்கும்போது சூடு ஏற்கெனவே உள்ள போயிருக்கும், நாம கையை எடுத்தாலும் லேட்டுதான். அதுக்குத்தான் ஒன்னு ரெண்டு செகண்ட் தொட்டு எடுத்துட்டு அடுத்த நகத்துக்குப் போயிடறது, ஒரு சுத்து முடிஞ்சு திரும்ப வர்றதுக்குள்ள முதல் நகம் ஆறியிருக்கும். உப்புத்தாள் தேய்ஞ்சு போச்சுன்னா தயவுசெஞ்சு மாத்திடுங்க, அது ராவாது, வெறுமனே உரசிச் சூடுதான் ஏத்தும். முடி கருகுற மாதிரி வாடை வரும், கெரட்டின்ல இருக்கற கந்தகம் அது.

எங்க நிறுத்தறது? நகத்துல ராவுன முனையைப் பாருங்க. முதல்ல வறவறன்னு சாம்பல் வெள்ளையா தூள் உதிரும், அப்புறம் நடுவுல கருப்பா, லேசா பளபளப்பா ஒரு புள்ளி தெரிய ஆரம்பிக்கும், சதை பக்கத்துல வந்துடுச்சுன்னு அர்த்தம், அங்கேயே நிறுத்திடணும். நகம் இன்னும் நீளமா இருக்கேன்னு ஆசைப்பட வேணாம், வாரத்துக்கு ஒருதடவை கொஞ்சம் கொஞ்சமா ராவுனா உள்ள இருக்கற சதையும் மெல்லப் பின்வாங்கும்.

சத்தமும் ஒரு பெரிய விஷயம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், நாய்க்கு 45,000 வரைக்கும் கேக்கும், மோட்டரோட கீச்சு சத்தம் நம்மளவிட அதுக்கு அதிகமாக் கேக்குது. முதல் நாலஞ்சு நாள் மெஷினை ஆஃப்ல வச்சுக் காலைத் தொட்டு பிஸ்கட் குடுத்தேன், அப்புறம் தள்ளி வச்சு ஓடவிட்டேன், அதுக்கப்புறம்தான் நகத்துக்கே போனேன். தூள் மூக்குல ஏறும், மாஸ்க் போட்டுக்கோங்க. விரலிடுக்குல முடி நீளமா இருந்தா உருளைல சுத்திக்கும், பழைய சாக்ஸை மாட்டி நகத்தை மட்டும் வெளிய குத்தி எடுத்துடுங்க.

ரோட்டுல திரியற நாய்ங்களுக்கு ஜல்லிலயும் தார் ரோட்டுலயும் நகம் தானாத் தேயுது, டைல்ஸ்லயே நடக்கற நாய்க்கு வழியில்ல. அதுலயும் முன்னங்கால்ல உள்பக்கம் மேல ஒத்தை நகம் இருக்கு பாருங்க, நடக்கும்போது அது தரையைத் தொடறதே இல்ல, விட்டா வளைஞ்சு சதைக்குள்ளயே குத்திடும், நான் அதுலதான் முதல்ல ஆரம்பிக்கறேன்.