நாலு புத்தகத்தில் இருந்தால் சரியாகிவிடுமா?

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து, பிறர் எழுதிய கையெழுத்துப் பிரதிகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. பெரும்பாலும் வாழ்க்கை வரலாறுகள்தான் வரும். எழுதுகிறவர்கள் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், வக்கீல்கள். தமிழ் நன்றாக இருக்கும், உழைப்பும் தெரியும். தேதியைத் தொட்டால்தான் கோபம் வரும்.

இப்போது வந்திருப்பது ஆற்காடு இராமசாமி முதலியார் வரலாறு. இரண்டாம் உலகப்போர் நடக்கும்போது லண்டன் போர் அமைச்சரவையில் இந்தியாவுக்காக உட்கார்ந்தவர். அவரைப் பற்றித் தமிழில் எழுத ஆள் வந்ததே சந்தோஷம்தான். ஆனால் உள்ளே போனால், 1952இல் அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்கு அவரே தலைவர் என்று ஒரு முழு அத்தியாயம்! பி.எட். படித்த எவரும் மனப்பாடம் செய்திருக்கும் அந்த முதலியார் குழுவின் தலைவர் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார். டாக்டர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 27 ஆண்டு இருந்தவர். இருவரும் இரட்டையர்கள், 1887 அக்டோபர் 14, கர்நூலில் பிறந்தவர்கள். முகமும் ஒரே சாடை என்பதால், அட்டைக்குக் கொடுத்த படம் யாருடையது என்று முடிவு செய்யவே தனியாக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

எழுதியவரிடம் சொன்னேன். உடனே பதில் வந்தது: "தம்பி, இது நாலு புஸ்தகத்துல இருக்கு. நீங்க எதுக்கு இம்புட்டுச் சந்தேகப்படுதிய?"

இந்தத் தொழிலில் என்னை அதிகம் வதைக்கும் வாக்கியம் இதுதான். மருதூர் அணைக்கட்டிலிருந்து மேலக்காலிலும் தண்ணீர் வருகிறது, கீழக்காலிலும் வருகிறது. அதனால் தாமிரபரணி ரெண்டு என்று யாராவது சொல்வார்களா? நாலு புத்தகமும் எங்கிருந்து எடுத்தன என்று பாருங்கள். மூன்றாவது இரண்டாவதைப் பார்த்து எழுதியிருக்கும், இரண்டாவது முதலாவதை. முதலாவது ஒரு பாராட்டு விழா மலர். அதில் எழுதியவர் மேடைப் பேச்சில் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நாலிலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கிறதா, ஒரே அடைமொழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சாட்சி ஒன்றுதான். நாலு பேர் சொன்னதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். இணையத்தில் நாற்பது இடத்தில் இருந்தாலும் இதே கணக்குதான்.

அடுத்தது பதவிப் பெயர். இராமசாமி முதலியாரை 'சர்ச்சிலின் மந்திரி' என்று எழுதுகிறார்கள். 1942இல் இவரும் நவாநகர் சமஸ்தான மன்னர் ஜாம் சாகிபும் போர் அமைச்சரவைக்கும் பசிபிக் போர்க் கவுன்சிலுக்கும் இந்தியப் பிரதிநிதிகளாக நியமிக்கப்பட்டார்கள். ஜாம் சாகிப் சமஸ்தானங்களுக்காக. இலாகா ஒன்றும் கிடையாது. அதற்கு முன் 1939 முதல் டெல்லியில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் வர்த்தக உறுப்பினர். அதுவும் மக்கள் ஓட்டுப் போட்டு வந்த மந்திரி பதவி இல்லை. நியமனம் என்று எழுதினால் அவர் பெருமை குறைந்துவிடுமா என்ன? 1934இல் மத்திய சட்டசபைத் தேர்தலில் சத்தியமூர்த்தியிடம் தோற்றதை வரலாற்றாசிரியர்கள் தாண்டிக் குதித்துவிடுவதும் இதே பயத்தால்தான். தோற்றவர் அஞ்சே வருஷத்தில் டெல்லி நிர்வாகக் குழுவில் எப்படி உட்கார்ந்தார் என்பதில்தானே சார் கதையே இருக்கிறது!

'சர்' பட்டம் 1937இல்தான் வந்தது. 1920களில் நீதிக் கட்சியின் பனகல் அரசர் இவரை "சர் இராமசாமி" என்று கூப்பிடுவதாக உரையாடல் எழுதாதீர்கள். உரையாடலே எழுதாதீர்கள் என்று சொல்ல ஆசை, கேட்க மாட்டீர்கள்.

1942ஆம் வருஷத்துப் பத்திரிகையில் 'சர் இராமசாமி' என்று பார்த்ததும் வெட்டி ஒட்டிவிடவும் கூடாது. அந்த ஆகஸ்டில் திருவிதாங்கூர் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயரும் அதே வைஸ்ராய் குழுவில் சில வாரங்கள் தகவல்துறை உறுப்பினராக இருந்துவிட்டு விலகினார். செங்கோட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று 1956 வரை அந்தப் பக்கம் இருந்த ஊர். வீட்டுப் பெரியவர்கள் பேச்சில் சி.பி. வராத நாள் இருந்திருக்காது.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு தொல்லை கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. பழைய டைரி, கடிதம், பத்திரம் எல்லாம் அதில்தான் இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க, பலர் கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டிவிடுகிறார்கள். ஆண்டு பிறப்பது ஆவணியில். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824 கூட்ட வேண்டும், ஆங்கில ஜனவரி பிறந்தபின் 825. கொல்லம் 1118 ஆவணி என்றால் 1942. அதே 1118 தை என்றால் 1943. இதில் பிசகினால் லண்டன் பயணமே ஒரு வருஷம் தள்ளிப்போய்விடும்.

தப்பான பெருமையைச் சேர்க்கிறவர்கள் சரியான பெருமையை விட்டுவிடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. போர்க்காலத்தில், 1940 ஏப்ரலில், அறிவியல் தொழில் ஆராய்ச்சி வாரியம் தொடங்கியது. அதன் தலைவர் இராமசாமி முதலியார், இயக்குநர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர். 1942இல் உருவான அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றத்துக்கு (சி.எஸ்.ஐ.ஆர்.) அதுதான் அடித்தளம். பிரதியில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவரானது இருக்கிறது, ஆனால் நியூயார்க்கில் நடந்ததாக. 1946 ஜனவரியில் அது கூடியது லண்டனில். 1945 ஜூன் 26இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்டதைச் 'சுதந்திர இந்தியாவின் சார்பில்' என்று எழுதியிருந்தது. அடித்துவிட்டேன்.

பார்க்க இடமா இல்லை? லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் போர் அமைச்சரவைக் கூட்டக் குறிப்புகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கலாம். கூட்டத்துக்கு யார் வந்தார்கள் என்று தலைப்பிலேயே பெயர் இருக்கும். நியமனங்களுக்கு அரசிதழ். சென்னை போனால் எழும்பூர் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும். தமிழ்ப் பத்திரிகைகளுக்கு ரோஜா முத்தையா நூலகம். குடும்பத்தார் சொல்வதை மரியாதையோடு எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் 'குடும்பத்தார் கூற்று' என்றே போடுங்கள்.

எண்பதாம் பிறந்தநாளுக்குப் புத்தகம் வந்தாக வேண்டும், சிவகாசியில் அச்சுக்குப் போயாச்சு, ஒரு பார்வை பார்த்துக் கொடுங்கள் என்று மட்டும் வராதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். பின்னால் ஒட்டுகிற பிழைதிருத்தத் தாளை யாரும் படிப்பதில்லை. பிரதியின் இடது ஓரத்தில் ரெண்டு விரல் இடம் விடுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் பதவிக்கும் நேராக, எங்கே பார்த்தீர்கள் என்று எழுதிக் கொண்டுவாருங்கள். பென்சிலில் கிறுக்கியிருந்தாலும் போதும்.