பெரு பயணம்: முதல் இரவு எங்கே தூங்குகிறீர்கள்?

லிமாவில் ஓர் இரவு, மறுநாள் காலை விமானத்தில் குஸ்கோ, அதற்கு மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு வண்டியேறி வானவில் மலை. பெரு பயண அட்டவணைகளில் இந்த வரிசையைப் பார்த்தாலே மருத்துவர்களுக்குக் கவலை வந்துவிடும். லிமா கடலோர நகரம். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர். வினிகுங்கா எனப்படும் வானவில் மலை 5,000 மீட்டருக்கும் மேல். குஸ்கோவில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் லிமாவில் கிடைத்த ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். வானவில் மலையில் ஏறக்குறைய பாதி.

இப்படி ஆக்சிஜன் குறைவதால் வருவதுதான் உயர நோய், உள்ளூரில் 'சொரோச்சே'. விமானத்தை விட்டு இறங்கியவுடனே அது தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, குமட்டல், அசதி எல்லாம் தொடங்கும். மதியம் 'ஒன்றும் இல்லையே' என்று குஸ்கோவின் சான் பிளாஸ் மேட்டுப் படிகளில் ஏறி இறங்கி, இரவு ஒரு பீரும் குடித்தவர் நள்ளிரவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தினமும் ஓடுபவர், ஜிம் போகிறவர் என்பதெல்லாம் இதில் கணக்கில்லை.

கணக்கில் வருவது தூங்கும் உயரம். குஸ்கோ விமான நிலையத்திலிருந்து நேராகக் காரில் உருபம்பா அல்லது ஒயாண்டாய்தாம்போவுக்கு இறங்கிவிடுங்கள்; இரண்டும் 2,800 மீட்டரை ஒட்டியவை. அங்கே இரண்டு இரவு, பிறகு ரயிலில் மச்சு பிச்சு (2,430 மீட்டர்), அதன்பின் குஸ்கோ. டிட்டிகாக்கா ஏரிக்கரை ஊரான புனோ (3,800 மீட்டர்), வானவில் மலை இரண்டும் கடைசியில்தான். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தைக் கூட்டாமல் இருப்பது நல்லது. வழியில் உயரமான கணவாயைக் கடந்து போவது அவ்வளவு பிரச்சினை இல்லை, அங்கே தங்காதவரை.

அசெட்டசோலமைடு மாத்திரை உதவும். நம் ஊர்க் கடைகளில் 250 மில்லிகிராமாகக் கிடைப்பதைப் பாதியாக உடைத்து, காலை பாதி, இரவு பாதி என்று மலையேறும் முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். மேலே போய் இரண்டு நாள் வரை தொடரலாம். விரல் நுனி மரத்து ஊசி குத்துவது போலிருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். இவற்றுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு, தேவையில்லை. ஆனால் சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை, சிறுநீரகக் கல், கர்ப்பம், வேறு நீர் மாத்திரை ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் வாங்கக் கூடாது.

ஹோட்டலில் கொடுக்கும் கோக்கா டீ (கொக்கைன் எடுக்கப்படும் அதே இலையில் போடுவது) சூடாக, இதமாக இருக்கும். நோயைத் தடுக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் என்று காட்டவும் வாய்ப்புண்டு. இலையையோ டீ பையையோ பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். இந்தியப் போதைப்பொருள் சட்டத்தில் கோக்கா இலையும் அடக்கம்.

ஓய்வெடுத்தும் பாராசிட்டமால் போட்டும் தலைவலி அடங்கவில்லையா? ஒரு காலின் குதிகால் மற்றொரு காலின் பெருவிரலைத் தொடும்படி நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டிலும் 'விடிந்ததும் பார்ப்போம்' கூடாது. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே அப்போதே மருத்துவமனைக்குப் போய், கீழே இறங்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

கடற்கரையை மலைகள் எல்லாம் முடிந்த பிறகு வையுங்கள். ஸ்கூபா டைவிங் செய்தவர் அடுத்த 24 மணி நேரம் விமானமும் மலையும் ஏறக் கூடாது என்பதற்காகவும்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலையில் மழையில்லாத காலம். அதே மாதங்களில் லிமா கடற்கரை சாம்பல் வானமாக இருக்கும், ஹம்போல்ட் என்ற குளிர்ந்த கடல் நீரோட்டத்தால் தண்ணீரும் சில்லிடும். வெயில் வேண்டுமென்றால் வடக்கே மான்கோரா.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அமேசான் பக்கம் போகாவிட்டாலும், பெருவிலிருந்து ஆறு நாளுக்குள் இந்தியா வந்திறங்குபவரிடம் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கப் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். எந்தெந்த நாளில் என்று முதலில் விசாரித்துவிட்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள்.