வயிற்றுக் கொழுப்பும் புரோஸ்டேட் புற்றுநோயும்

தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தியோடு நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவருக்கு மூன்று கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சீனி தூக்கலான பிளேன்டீயும் ஒரு பொருட்டே இல்லை. எல்லாம் உழைப்பிலேயே எரிந்துவிடும். அவர் ஓய்வு பெற்று லயத்து வாசலில் உட்கார்ந்த பிறகும், அவர் மகன் ஹட்டன் டவுனில் முச்சக்கர வண்டி ஓட்டத் தொடங்கிய பிறகும், சாப்பாடு மட்டும் மாறுவதில்லை. வயிறு முன்னே வருகிறது. அதனால் சீனி வருத்தம் வரும், பிரஷர் வரும் என்று பேசிக்கொள்கிறோம். புரோஸ்டேட் என்ற சொல்லை மட்டும் யாரும் வாயில் எடுப்பதில்லை. இந்தக் கூச்சம் எத்தனையோ பேரை வைத்தியரிடம் தாமதமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

புரோஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரக்கிறது. வயதாக ஆக அது வீங்குவது சாதாரணம், பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. புற்றுநோயாகவே இருந்தாலும் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. வேறு காரணங்களால் இறந்துபோன முதியவர்களின் சுரப்பியைப் பரிசோதித்துப் பார்த்தால், பலருக்கு அவர்கள் அறியாமலேயே சிறிய புற்று இருந்திருக்கும். அது அவர்களை ஒன்றும் செய்யவில்லை. ஆகவே நோய் யாருக்கு வருகிறது என்பது ஒரு கேள்வி, யாருக்கு அது முற்றிப் பரவுகிறது என்பது வேறொரு கேள்வி. உடல் எடை முக்கியமாக இந்த இரண்டாவது கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2014இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. உடல் எடைக் குறியீடு, அதாவது உயரத்துக்கு ஏற்ப எடையைக் காட்டும் எண், 5 அலகு கூடும்போது முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 8 சதவீதம் கூடுகிறது என்று தெரிந்தது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 5 அலகு என்பது 13, 14 கிலோ. ஒரு தனி மனிதருக்கு இது பெரிய கூடுதல் இல்லை. வயதும் குடும்ப வரலாறும்தான் இன்னும் பலமான காரணங்கள். ஆனால் வயதையும் அப்பாவையும் மாற்ற முடியாது, எடையை மாற்றலாம்.

கொழுப்பு எப்படி இதில் தலையிடுகிறது? வயிற்றைச் சுற்றிய கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, ஒரு சுரப்பியைப் போல வேலை செய்கிறது. உடலில் மெல்லிய, நாள்பட்ட அழற்சியைக் கிளப்பும் பொருட்களை அது வெளியிடுகிறது. இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காமல் போவதால் இரத்தத்தில் இன்சுலின் கூடுகிறது. இன்சுலினும் அதன் உறவான ஐ.ஜி.எஃப்.-1 என்ற ஹோர்மோனும் செல்களைப் பெருகச் சொல்லும் சமிக்ஞைகள்.

இங்கே ஒரு புதிர் உண்டு. ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால் பரவிய புரோஸ்டேட் புற்று சுருங்கும் என்பதை 1941இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் ஹகின்ஸ் என்ற அறுவை வைத்தியர் காட்டினார். 1966இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். கொழுப்புத் திசுவில் உள்ள ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனாக மாற்றுவது போன்ற காரணங்களால், பருமனான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் பொதுவாகக் குறைவு. அப்படியானால் அவர்களுக்கு நல்லதுதானே? அப்படி நடப்பதில்லை. குறைந்த டெஸ்டோஸ்டிரோனிலேயே வளரப் பழகிய புற்று, பிறகு முரட்டுத்தனமாக வளரக்கூடும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

அப்புறம், கண்டுபிடிப்பதிலும் சிக்கல். பி.எஸ்.ஏ. என்பது புரோஸ்டேட் உண்டாக்கும் ஒரு புரதம். சுரப்பியில் கோளாறு இருந்தால் அது இரத்தத்தில் அதிகமாகக் கசியும். இரத்தப் பரிசோதனை அதைத்தான் அளக்கிறது. பருத்த உடலில் இரத்தத்தின் மொத்த அளவும் கூடுதல். அதே ஒரு கரண்டி தேயிலைத் தூளுக்குத் தண்ணீரை மட்டும் கூட்டினால் சாயம் வெளுத்துப்போகுமே, அதுபோல பி.எஸ்.ஏ. அளவும் குறைவாகக் காட்டும். அமெரிக்காவில் புரோஸ்டேட் புற்றுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஆயிரக்கணக்கானோரை வைத்து 2007இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பருமனானவர், பரிசோதனையில் 'நோர்மல்' என்று வந்ததும் முழுதாக நிம்மதியடைந்துவிடக் கூடாது. உடல் எடையையும் சேர்த்துப் பார்க்கும்படி வைத்தியரிடம் கேட்கலாம்.

சரி, எதைச் சாப்பிட்டால் தடுக்கலாம்? எல்லோரும் கேட்பது இதுதான், பதில் ஏமாற்றம் தரும். தக்காளியிலுள்ள லைக்கோபீன் என்ற நிறப்பொருள், எண்ணெயில் வதக்கும்போது நன்றாக உடலில் சேரும் என்பது உண்மை. அது இந்தப் புற்றைத் தடுக்கும் என்பதற்குச் சான்று பலவீனம். பச்சைத் தேயிலைக்கும் அதே நிலைமை. வில்லைகள் இன்னும் மோசம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பிரித்து, செலினியம் என்ற தாதுப்பொருளையும் வைட்டமின் ஈயையும் தனித்தனியாகவும் சேர்த்தும், ஒரு பிரிவினருக்கு வெற்று வில்லையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2011இல் வந்த முடிவின்படி, வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம், வெற்று வில்லை எடுத்தவர்களை விட, புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது. பார்மசியில் காசைக் கொட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தனி உணவைத் தேடுவதை விட மொத்தச் சாப்பாட்டைப் பார்ப்பதே பயன் தரும். ஒரு பிளேன்டீக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் சீனியிலிருந்து மட்டும் 160 கலோரிக்கு மேல். மூன்று ரொட்டியை இரண்டாக்கி, பக்கத்தில் பருப்பும் கீரையும் கோவாவும் லீக்சும் கூட்டலாம். இவையெல்லாம் நம் மலையிலேயே விளைகிற மரக்கறிகள். தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்வதால், ஆண்களின் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தொப்புளுக்கு நேரே ஒரு தையல் நாடாவைச் சுற்றினாலே தெரிந்துவிடும்.

நோய் வந்த பிறகும் இந்தக் கணக்கு முடிவதில்லை. டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் ஊசி போடும்போது தசை கரையும், கொழுப்பு ஏறும், எலும்பு மெலியும். அந்தக் காலத்தில் தினமும் நடப்பதும், முட்டை, மீன், பருப்பு போன்ற புரதம் உள்ள உணவும் மிகவும் தேவை. சிகிச்சை முடித்து வீட்டுக்கு வந்த அப்பாவைக் கட்டிலிலேயே படுக்கவைத்துக் கஞ்சி மட்டும் கொடுக்காமல், வைத்தியர் அனுமதித்தால் தோட்டத்துப் பாதையில் கூட்டிக்கொண்டு நடங்கள்.