மலை வீட்டுக்குப் புயல் பின்பக்கமாக வரும்

கொடைக்கானலில் வீடு கட்டித் தரும் பொறியாளன் நான். "புயலெல்லாம் கடலோரத்துக்காரங்க பாடு சார்" என்பவர்களிடம் கஜாவைத்தான் நினைவூட்டுவேன். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய அந்தப் புயல், திண்டுக்கல் மாவட்டம் வழியாகத்தான் கேரளத்துக்குப் போனது. போகிற போக்கில் மலைச்சாலையில் மரங்களைச் சாய்த்து, மண்ணையும் சரித்துவிட்டது.

அமெரிக்காவின் ஹரிக்கேன்களும் இதே இனம்தான். 2024 செப்டம்பரில் ஹெலீன் புளோரிடாவில் கரையேறியபோது காற்றின் வேகம் மணிக்கு சுமார் 225 கி.மீ. ஆனால் அதிக உயிர்கள் போனது கடற்கரையில் இல்லை, பல நூறு கி.மீ. தள்ளி வட கரோலினாவில், அதிலும் பெரும்பாலும் மலைப்பகுதியில். புயலுக்கு முன்பே பெய்த மழையில் அங்கே மண் ஊறிக் கிடந்தது. ஈரக்காற்று மலையில் மோதி மேலேறினால் குளிர்ந்து கொட்டத்தானே செய்யும்? நமக்கோ புயல் நேராக வர வேண்டும் என்றுகூட இல்லை. 2009 நவம்பர் கனமழையில் நீலகிரி மண்சரிவுகள் 40 பேருக்கு மேல் பலி வாங்கின.

அதனால் கூரையைவிட வீட்டுக்குப் பின்னால் இருப்பதைத்தான் முதலில் பார்ப்பேன். சரிவை வெட்டித் தடுப்புச் சுவர் எழுப்பும்போது, உள்ளே தேங்கும் நீர் வெளியேற வரிசையாக பைப் துளை விடுவோம். வீப் ஹோல் என்பார்கள். கறை வழிகிறது, அசிங்கமாக இருக்கிறது என்று பெயின்ட் அடிக்கும்போது அதைச் சிமென்ட் வைத்துப் பூசிவிடுகிறார்கள்! அப்புறம் சுவர் தாங்குவது மண்ணை மட்டுமல்ல, தேங்கிய நீரின் அழுத்தத்தையும் சேர்த்து. நல்ல மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். மேலே மண் ஊறியிருந்தும் துளைகள் காய்ந்திருந்தால் அடைப்பாக இருக்கலாம். மழைக்காலத்துக்கு முன்பே ஆள் வைத்துச் சரிசெய்யுங்கள். தெளிவாகக் கசிந்த நீர் திடீரெனக் கலங்கினால் உள்ளே மண் கரைகிறது. சுவர் பிதுங்குவது, தரையில் புது விரிசல், மேட்டில் மரம் சாய்வது, இவையும் அதே சேதிதான். அப்போது சாமான் எடுக்க நிற்காதீர்கள். வெளியேறிவிட்டு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்கள்.

கூரைத் தண்ணீரை மேட்டில் விடாமல் குழாய் போட்டு ஓடைக்கு இறக்குங்கள். டார்ச், மருந்து, குடிநீர், பத்திரங்கள் ஒரு பையில் இருக்கட்டும். சிவப்பு எச்சரிக்கை வந்தால், சரிவை ஒட்டிய அறையில் யாரும் படுக்க வேண்டாம்; சரிவே சந்தேகமாக இருந்தால் இருட்டுவதற்குள் வேறு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று. சரிந்த மண்ணை மழை விடுவதற்குள் ஜேசிபி வைத்து அள்ளாதீர்கள். அடிமண்ணை எடுத்தால் மேலே தொங்கி நிற்பதும் இறங்கிவிடும்.